குளிருக்கு எத்தனை ஆம்பியர்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்கு அருகே, குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். கோடையில் அங்கே சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் நடமாடும் வீடுகளால் நிரம்பிவிடுகிறது. பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க அனுமதி உண்டு. இதற்கான கட்டணம் பல ஆண்டுகளாக 180 டாலராக இருந்தது. அந்நாட்டு நகரங்களில் ஒரு வார வாடகைக்கே போதாத தொகை. தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், கழிவைக் கொட்டலாம். மின் இணைப்பு மட்டும் கிடையாது.

எனவே சூரியன் மறைந்ததும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு கணக்கு தொடங்குகிறது. விடியும்வரை பேட்டரி தாங்குமா? விளக்கும் செல்ஃபோனும் அற்பச் செலவு. இரவும் பகலும் ஓயாமல் மின்சாரம் கேட்பது ஃபிரிட்ஜ்.

வசதி படைத்தவர்களின் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டை இழந்து வண்டியையே வீடாக்கிக்கொண்ட முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற புத்தகத்தை எழுதினார். அதன் அடிப்படையில் எடுக்கப்பட்ட படம் 2021இல் ஆஸ்கர் விருது பெற்றது. குவார்ட்ஸைட்டுக்கு வருபவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. அவர்களுடைய ஃபிரிட்ஜில் இருப்பது பீர் மட்டுமல்ல. ஒரு வாரத்துக்கான சாப்பாடு இருக்கிறது. சர்க்கரை நோயாளியானால் இன்சுலினும் இருக்கிறது.

கணக்கு சுலபமானதுதான். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது. பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஓய்வெடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணி. பேட்டரி மீது 100 என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்றரை நாள் தாராளமாக ஓடும் என்றுதான் புதிதாக வண்டி வாங்கியவர் நினைப்பார்.

இங்கேதான் ஏமாற்றம். அந்த 100 என்பது செலவழிக்கக்கூடிய தொகை அல்ல. சாதாரண ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையத் தொடங்கும். அந்நிலையிலேயே போட்டு வைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். முழுமையாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12.1க்கு வந்துவிட்டால் பாதி தீர்ந்தது என்று பொருள். ஆக, கையிருப்பு 50தான். அதையும் ஃபிரிட்ஜ் மட்டும் அனுபவிப்பதில்லை.

இதற்கு விளக்கம் தேவைப்படாதவர்கள் இந்தியர்கள். மின்வெட்டுக்குப் பயந்து இன்வெர்ட்டர் வாங்கி, மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகிய குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன் மின்விசிறிக்கும் ட்யூப் லைட்டுக்கும் இணைப்புக் கொடுப்பார். ஃபிரிட்ஜ் பிளக்கைக் காட்டினால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். அவர் வாய்மொழியாகச் சொல்லும் அதே எச்சரிக்கையைத்தான் அரிசோனாவில் பேட்டரியைப் பறிகொடுத்த பிறகு கற்றுக்கொள்கிறார்கள்.

முன்பு இந்தத் தொல்லை குறைவு. நடமாடும் வீடுகளில் பல ஆண்டுகளாக இருந்தது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்தது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றையும் வைத்துக்கொண்டு, நெருப்பின் சூட்டால் குளிரை உண்டாக்கும் விந்தை. அதில் சுழலும் பாகம் எதுவுமில்லை, சத்தமும் இல்லை. ஒரு சிலிண்டர் வாரக்கணக்கில் வரும். வண்டி சாய்ந்து நின்றால் மட்டும் அதற்கு ஆகாது. திரவம் தேங்கி, நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். இதே ஃபிரிட்ஜை கேஸுக்குப் பதில் 12 வோல்ட்டில் போடும் வசதி சில மாடல்களில் உண்டு. அது வண்டி ஓடும்போது மட்டும் பயன்படுத்துவதற்கானது. நிறுத்திய பிறகு அணைக்க மறந்தால் 10 ஆம்பியருக்கு மேல் இழுத்து, ஒரே இரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பலர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு மாறிவிட்டார்கள். சீக்கிரம் குளிரும், சாய்வைப் பொருட்படுத்தாது, உள்ளே இடமும் அதிகம். எல்லாம் சரி. ஆனால் ஃபிரிட்ஜை மாற்றியவர்களில் சிலர் பேட்டரியை மாற்றவில்லை. பழைய காலத்து ஒற்றை பேட்டரியோடு வண்டியை ஒப்படைக்கும் விற்பனையாளரிடம் கேட்டால், மின் இணைப்புள்ள முகாமில் தங்குங்கள் என்பார். மீன் விற்பவன் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கச் சொல்வது போலத்தான் இது.

இன்னொரு தவறு, வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டர் மூலம் ஓட்டுவது. ஃபிரிட்ஜ் ஓய்ந்திருக்கும்போதும் இன்வெர்ட்டர் விழித்திருக்கும். பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே மணிக்கு 1 ஆம்பியருக்கு மேல் செலவழிக்கும். ஒரு நாளில் 24. அந்த ஒற்றை பேட்டரியின் கையிருப்பில் ஏறக்குறைய பாதி!

ஆனால் எல்லாப் பழியையும் ஃபிரிட்ஜ் மீது போடுவதும் நியாயமல்ல. ஜனவரியில் அந்தப் பாலைவனத்து இரவு நடுங்க வைக்கும். அறையைச் சூடாக்குவது கேஸ்தான் என்றாலும், சூட்டை ஊதித் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. ஓடும்போது அது 7, 8 ஆம்பியர் கேட்கும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால்கூட 12 மணி நேர இரவில் 30 ஆம்பியர்-மணி போயிற்று. அதே இரவில் ஃபிரிட்ஜ் எடுத்தது அதே 30. வெளியே குளிர் என்பதால் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். விடியற்காலை ஃபிரிட்ஜ் நின்றுபோனதைப் பார்ப்பவர் ஃபிரிட்ஜைத் திட்டுகிறார். கூடுதல் கம்பளி போர்த்திக்கொண்டு ஹீட்டரைக் குறைத்திருந்தால் அது நின்றிருக்காது.

சில நேரம் பேட்டரியும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஃபிரிட்ஜ் நிற்கும். வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கம்ப்ரஸர் தானாக அணைந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போகும் ஒயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். இதற்கு மருந்து புது பேட்டரி அல்ல, தடித்த ஒயர்.

பணம் உள்ளவர்கள் லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறார்கள். 100 என்றால் அதில் 80க்கு மேல் எடுக்கலாம், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் மட்டும் கெட்டுவிடும். கூரையில் சூரியத் தகடு வைத்தால் செலவழித்ததைப் பகலில் மீட்கலாம். 200 வாட் தகடு நல்ல வெயிலில் ஒரு ஃபிரிட்ஜின் தினச் செலவை ஈடுகட்டும். புழுதி படிந்தாலோ, மேகம் மூடினாலோ அந்தக் கணக்கு பொய்க்கும்.

பணமில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் சுவையானது. அவர்கள் மின்சாரத்துக்குப் பதில் குளிரைச் சேமிக்கிறார்கள். பகல் முழுக்க, தகடு மின்சாரத்தை வாரி வழங்கும் வேளையில், ஃபிரிட்ஜை அதிகக் குளிர்ச்சியில் ஓடவிடுகிறார்கள். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைக்கிறார்கள். அந்தி சாய்ந்ததும் அவற்றைக் கீழ்த் தட்டுக்கு மாற்றி, குளிர்ச்சி அளவைக் குறைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் தூங்கப் போகிறார்கள். பனிக்கட்டி உருகி முடிவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. வண்டியை நிறுத்தும்போதே ஃபிரிட்ஜின் பின்பக்கம் மேற்கு வெயில் படாமல் நிறுத்துவதும், அங்குள்ள காற்றுத் துவாரத்தை அடைக்காமல் வைப்பதும் இதே சிக்கனத்தைச் சேர்ந்தவை.

இந்த உத்தி இந்தியாவுக்குப் புதிதல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியின் சுவரில் பனிக்கட்டி அடுக்கு இருக்கிறது. நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே 24 மணி நேரமும் மருந்தைக் காப்பாற்றும். மின் கம்பியே போகாத இடங்களுக்காக, பேட்டரி இல்லாமல் சூரியத் தகட்டோடு நேரடியாக இணைத்த பெட்டிகளும் வந்துவிட்டன. முன்பு பேட்டரி வைத்த சூரிய ஃபிரிட்ஜுகளில் முதலில் பழுதானது பேட்டரிதான் என்பதே இதற்குக் காரணம்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பேட்டரியைக் காப்பாற்றுவதாக எண்ணி பகலில் ஃபிரிட்ஜை உச்சத்தில் திருகிவைப்பவர் மருந்தைப் பறிகொடுக்கலாம். உறைந்த பாட்டிலோடு ஒட்டி வைத்தாலும் அதே கதிதான். விவரம் தெரிந்தவர்கள் இன்சுலினை ஒரு துணியில் சுற்றி, கதவுப் பக்கத்துத் தட்டில் வைக்கிறார்கள். பக்கத்திலேயே சில டாலர் விலையுள்ள ஒரு தெர்மாமீட்டர். காலையில் எழுந்ததும் பேட்டரியின் வோல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார்கள்.