மணல்தானே என்று சொல்லாதீர்கள்

ஓய்வு பெற்றவர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் பெரும்பாலும் கோயில் குளம்தான். சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் எனக்கு அதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அதனால் கால் நன்றாக இருக்கும்போதே வேறு மாதிரி ஊர்களையும் பார்த்து வைப்போம் என்று போய் வருகிறேன். அப்படிப் போனதில் ஒன்று, பழவேற்காட்டுக்கு அக்கரையில் உள்ள லைட் ஹவுஸ் குப்பம்.

பழவேற்காடு நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. நம்மைப் போலவே துணியால் பேர் வாங்கிய ஊர். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியை வாங்கிக் கப்பலேற்றி, கிழக்கே கொண்டுபோய் விற்று, அங்கிருந்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். இன்றைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்றுதான் பெயர். பழவேற்காடு என்ற ஊர்ப் பெயர்தான் அப்படித் திரிந்து அங்கே தங்கிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் சேலைக் கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்கு, அந்த ஊரைப் பார்க்க இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

போவதும் சுலபம். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து. ஊருக்குள் டச்சுக் கல்லறை இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் பாலத்தைக் கடந்தால் குப்பம். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் ஏரி. ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் மணல் திட்டின்மேல் கலங்கரை விளக்கம், வீடுகள், வலைகள், படகுகள் எல்லாம் இருக்கின்றன. தெற்கே காட்டுப்பள்ளி வரைக்கும் இதே மணல்தான். வடக்கே முகத்துவாரத்தைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அதுவும் இதே போன்ற மணல் தீவு. 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 கிளம்பியது அங்கிருந்துதான்.

என்னோடு வந்த உறவினர் ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “என்ன சார் இருக்கு இங்கே, வெறும் மணல்தானே” என்றார். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ‘தானே’தான்.

மணல் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் வயதொத்தவர்களுக்கு ஓரிக்கைப் பாலாறு நினைவிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். கலங்கல் அடங்கும்வரை பொறுத்திருந்து குடிப்போம். ஊற்றுக்கால் வெட்டி அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்தார்கள். பிறகு லாரிகள் வந்தன. அப்போதும் “மணல்தானே” என்றுதான் சொன்னார்கள். ஆழ ஆழ அள்ளியதில் ஊற்று கீழே போய்விட்டது. மணலுக்குள் தண்ணீர் இருந்தது என்பதை, மணல் போன பிறகுதான் பலர் ஒத்துக்கொண்டார்கள்.

குப்பத்திலும் இதே கதை உண்டு. மணல்மேட்டில் பெய்யும் மழை உள்ளே இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கும். கடல் பத்தெட்டில் இருந்தாலும் மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். அளவு மீறி இறைத்தாலோ மேட்டைக் கரைத்தாலோ கடல் உள்ளே வந்துவிடும். பக்கத்தில் மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கடற்கரை முன்பு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். இப்போது அந்த இடத்தில் அலை அடிக்கிறது. “மணலு ஒரு எடத்துல நிக்காது சார். அது போய்க்கினே இருக்கும், பின்னால வேற மணலு வந்துக்கினே இருக்கும். வழியில மறிச்சா பின்னால வர்றது நின்னுபூடும்” என்றார். கடற்கரையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் நம் கரையோர மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மணலும் இந்தப் போக்கில்தான் சேர்கிறது. வயலூர் அருகே கடலில் கலக்கும் நம் பாலாற்றின் மணலும் அதில் உண்டு. நடுவே கடலுக்குள் கல் சுவர் கட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகச் சுவர்களை 1876-இல் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறோமே, அந்த மணலில் ஒரு பங்கு வடக்கே உள்ள குப்பங்களுக்குப் போயிருக்க வேண்டியது.

புதுச்சேரியிலும் இதுவே நடந்தது. 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. நகரத்துக் கடற்கரை காணாமல் போய்க் கருங்கற்கள்தான் மிஞ்சின. அரிப்பு மெல்ல வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம் வரை போனது. காந்தி சிலை அருகே மணலைத் திரும்ப வரவழைக்கப் பல ஆண்டுகளுக்குப் பின் கடலுக்கடியில் தடுப்பு அமைக்க வேண்டியிருந்தது.

பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் 2001-இல் ஒரு துறைமுகம் செயல்படத் தொடங்கியது. சில ஆண்டுகளில் காட்டுப்பள்ளியில், அதாவது அந்த மணல் தீவின் மேலேயே, இன்னொன்று வந்தது. அதைப் பெரிதாக விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தத் திட்டு கரைந்தால் முதலில் போவது குப்பங்கள். அடுத்தது ஏரி. ஏரியும் கடலும் அளவாகக் கலப்பதால்தான் அங்கே இறாலும் நண்டும் மடவையும் விளைகின்றன, பூநாரைகள் வந்து இரை தேடுகின்றன. அதற்கும் பின்னால் பொன்னேரி வட்டாரத்து வயல்கள் இருக்கின்றன. புயலை முதலில் நெஞ்சில் வாங்குவது அந்த மணல்தான்.

அந்த மணலேதான் தொல்லையும் தருகிறது. கோடையில் முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். படகு வெளியே போக முடியாது, கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. முகத்துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்களே கேட்கிறார்கள். ஆக, மணலைத் தொடவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று தெரிந்து சொல்கிறார்கள். அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த ஊரார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். தண்ணீரையே இப்படிப் பங்கிட்டு வாழ்கிறவர்களின் இடத்தை யாருமில்லாத வெறும் மணல் என்று எப்படிச் சொல்வது?

துறைமுகமே கூடாது என்பது என் வாதம் அல்ல. என் பேரன் படிக்கும் கம்ப்யூட்டரும் ஏதோ ஒரு கப்பலில் வந்ததுதான். நான் கேட்பது இரண்டு. மணலின் வழியில் சுவர் கட்டுகிறவர், தெற்கே குவியும் மணலை வாரி வடக்கே சேர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும், அதுவும் சுவர் நிற்கும் காலம் முழுக்க. கரை அரித்த பிறகு கருங்கல் கொட்டுவது பரிகாரம் ஆகாது. அந்தக் கல்லும் அரிப்பை அடுத்த குப்பத்துக்குத்தான் தள்ளும். இரண்டாவது, திட்டம் தீட்டும் முன்பே அந்தப் பெரியவர் போன்றவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகு கூட்டம் போட்டு என்ன பிரயோசனம்?

நம்மைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது, ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டபின் மார்கழியில் போனால் வெயிலும் தாங்கும், பறவைகளும் இருக்கும். ஆசைப்பட்டுக் கண்ட படகில் ஏற வேண்டாம். 2011-இல் கிறிஸ்துமஸ் நாளன்று அங்கே படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். கரையில் நின்று பார்த்தாலே போதும். பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடை ஒன்று வாங்கி வாருங்கள். பிளாஸ்டிக் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அத்திவரதர் எழுந்தருளிய 2019-இல், 48 நாள் கூட்டம் போன பிறகு நம் தெருக்கள் கிடந்த கிடப்பை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஊற்றுக்கால் எப்படி இருக்கும் என்று பேரப்பிள்ளைகளிடம் இப்போது வாயால்தான் சொல்ல முடிகிறது. குப்பத்து மணலை இன்னும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டலாம்.