தத்தெடுக்க நினைக்கும் நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதா? வேண்டாம் என்று சொல்லும் முன் இதைப் படியுங்கள்!

தெருவில் சுற்றிய நாயையோ, காப்பகத்தில் இருக்கும் நாயையோ வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆனால், முதல் நாளே அது ஹாலின் நடுவில் சிறுநீர் கழித்துவிட்டால் அந்த ஆசை அங்கேயே அடங்கிவிடுகிறது. பிள்ளைகள் கெஞ்சுவார்கள். பாட்டி, "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுப்பா" என்பார். யார் பக்கம் நியாயம்?

இரண்டு பக்கமும்தான். அதிலும் காஞ்சிபுரம் போன்ற ஊரில் பாட்டியின் பேச்சைத் தட்டிவிட முடியாது.

தறி உள்ள வீட்டில் என்ன சிக்கல்?

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். சுவரை ஒட்டிச் சுவர், முன்பக்கம் குறுகிய தெரு, உள்ளே குழித்தறி. நெசவாளர் தரையில் அமர்ந்து குழிக்குள் கால்களை விட்டு மிதிப்பார். அந்தக் குழி இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். பயந்துபோன நாய் ஒதுங்குவதற்குத் தேடும் இடமும் அப்படிப்பட்டதுதான்.

பட்டு என்பது புரத நூல். நாயின் சிறுநீரில் இருக்கும் யூரியா, நேரம் ஆக ஆக அம்மோனியாவாக மாறும். இந்தக் காரத்தன்மை பட்டு இழையைப் பலவீனமாக்கும், சாயத்தையும் கெடுக்கும். ஜரிகையில் வெள்ளி இருப்பதால் அது கறுத்துப்போகும் ஆபத்தும் உண்டு. தறியில் ஏற்றிய பாவில் ஓரிடம் கெட்டால் அந்தப் புடவையே கேள்விக்குறி. பல வீடுகளில் அந்தப் பட்டும் ஜரிகையும் குடும்பத்தின் சொந்தப் பொருளும் அல்ல. கூட்டுறவு சங்கமோ முதலாளியோ கொடுத்த பாவு. நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நெய்பவர்.

'பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்' என்பது நடக்காது

தெரு நாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். தேர்வு செய்த நாய்க்கு அடையாளம் இட்டுத் தருவார்கள். அந்த நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் நீதிமன்றம் சொன்னது. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

எனவே, யோசிப்பதையெல்லாம் நாய் வீட்டுக்கு வரும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

ஏன் உள்ளே கழிக்கிறது? ஐந்து காரணங்கள்

1. பழக்கமே இல்லை: நாய்க்குட்டிகள் சிறு வயதில் எந்தத் தரையில் கழித்துப் பழகினவோ, அதே மாதிரித் தரையைத்தான் பிறகும் தேடும். மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும். காப்பகத்தின் சிமென்ட் கூண்டில் மாதக்கணக்கில் இருந்த நாய்க்கு உங்கள் வீட்டு சிமென்ட் தரையும் கழிப்பிடமாகத்தான் தெரியும். அதைத் திமிர் என்று நினைக்கக் கூடாது.

2. எல்லை குறித்தல்: தூண், கதவு, தறிக்கால் என நிற்கும் பொருள்களின் மேல் காலைத் தூக்கிக் கொஞ்சமாகத் தெளிக்கும். ஆண் நாய்களிடம் அதிகம். கருத்தடை செய்தால் பல நாய்களிடம் குறையும். எல்லா நாய்களிடமும் முழுதாக நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

3. பயம், பரபரப்பு: நீங்கள் குனிந்து தொடும்போதோ, குரல் உயர்த்தும்போதோ உடலைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே கழித்துவிடும். இதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும்.

4. உடல்நலக் குறைவு: சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் நாயால் அடக்க முடியாது. கருத்தடை செய்த சில பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியும். இதற்கு மருந்து இருக்கிறது.

5. புது இடம்: எப்போது வெளியே விடுவார்கள், வாசல் எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாத முதல் சில நாள்களில் நன்றாகப் பழகிய நாய்கூடத் தவறு செய்யும்.

நான்காவதைத் தவிர மற்றவை பெரும்பாலும் பொறுமையால் சரியாகக் கூடியவை. அதனால் முதலில் கால்நடை மருத்துவரைப் பார்த்து, நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தத்துக் கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் நாய்களுக்கான கருத்தடைத் திட்டம் பழையது. 1959-ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே அதை ஆரம்பித்துவிட்டது. இன்று காதில் சிறு வெட்டு இருக்கும் தெரு நாய் என்றால் கருத்தடை செய்யப்பட்டது என்று அர்த்தம். அதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் கேளுங்கள்:

* இந்த நாய் இதுவரை எங்கே இருந்தது, தெருவிலா, கூண்டிலா, வீட்டிலா?
* எந்த மாதிரித் தரையில் கழிக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை முறை?
* தான் படுக்கும் இடத்திலேயே கழிக்கிறதா? அப்படியென்றால் பழக்க அதிக நாள் ஆகும்.
* முன்பு யாராவது தத்தெடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா? காரணம் என்ன?
* வெறிநாய்க்கடித் தடுப்பூசியுடன், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டாகிவிட்டதா?

கடைசிக் கேள்வி தறி வீட்டுக்கு மிக முக்கியம். தொற்றுள்ள நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் மனிதர்களுக்கும் பரவும். காலில் சிறு காயம் இருந்தாலே கிருமி நுழைந்துவிடும். தறிக்குழிக்குள் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

முதல் மூன்று வாரம் என்ன செய்யலாம்?

*தறியைப் பிரியுங்கள்.* நாய் வருவதற்கு முந்தைய நாளே தறி இருக்கும் பகுதிக்குக் குறுக்கே பலகையோ கம்பித் தடுப்போ வையுங்கள். நெய்யாத நேரத்தில் குழியைப் பலகையால் மூடுங்கள். 'நாம் பார்த்துக்கொள்வோம்' என்று விடாதீர்கள். இரவில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

*நேரத்தைப் பிடியுங்கள்.* தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் வெளியே கூட்டிப்போங்கள். குட்டி என்றால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அதன் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். பகலில் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாயையும் முதல் வாரம் குட்டியாகவே நினையுங்கள்.

*ஒரே இடம், ஒரே வார்த்தை.* சங்கிலியைக் கையில் பிடித்தபடி தினமும் அதே மண் தரைக்கு அழைத்துப்போய், 'உச்சா போ' என்று ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். கழித்து முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு பிஸ்கட்டோ கோழியோ கொடுங்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் அது நினைக்கும்.

*ஊரையும் நினையுங்கள்.* விடியற்காலையில் வாசலில் கோலம் இருக்கும். சில தெருக்களில் பாவு நீட்டியிருப்பார்கள். கோயில் மதிலோரமும் மாட வீதியும் நாயின் கழிப்பிடம் அல்ல. அதற்கு முன்பே எழுந்து ஒரு காலி இடத்தைத் தேடுங்கள். மலத்தைப் பழைய செய்தித்தாளில் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால் அக்கம்பக்கத்தினர் மனமும் கசக்காது.

*அடிக்காதீர்கள்.* சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பது நம்மூரில் இன்னும் நடக்கிறது. அதனால் 'உள்ளே கழிக்கக் கூடாது' என்று நாய் கற்றுக்கொள்வதில்லை. 'மனிதர் முன்னால் கழிக்கக் கூடாது' என்றுதான் கற்றுக்கொள்ளும். பிறகு வெளியே நீங்கள் கூட இருக்கும்போது அடக்கிக்கொண்டு, வீட்டில் கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும். கையும் களவுமாகப் பிடித்தால் மெதுவாகக் கைதட்டி, அப்படியே வெளியே கூட்டிப்போனால் போதும்.

ஃபினாயில் போதாது

மனிதரின் மூக்கில் வாசனை உணரும் செல்கள் சில பத்து லட்சம். நாய்க்கு அது 20 கோடிக்கும் மேல். ஃபினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. பழைய வாசம் இருக்கும் இடத்துக்கே அது திரும்பி வரும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு செல்லப் பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த சுத்தம் செய்யும் திரவத்தை ஊற்றி, பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். அது கிடைக்காவிட்டால் சிமென்ட் தரைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பயன்படுத்தலாம். அம்மோனியா கலந்த திரவங்கள் வேண்டாம், அவற்றின் வாசம் சிறுநீரைப் போலவே இருக்கும். சுத்தம் செய்யும்போது கையுறை அணியுங்கள். பட்டில் பட்டுவிட்டால் தேய்க்காமல், சோப்பும் வினிகரும் போடாமல், உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிவிட்டு அன்றே பாவு கொடுத்தவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எப்போது வேண்டாம்?

தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் வேண்டாம். தறிக்கு ஓய்விருக்காது, வெளியே பட்டாசு வெடிக்கும். பயத்தில் பழகிய நாயும் உள்ளே கழிக்கும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஊரே திரளும் நாள்களும் அப்படித்தான்.

முதல் மூன்று வாரம் பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க முடியுமா? தறியை நிஜமாகவே தடுத்துப் பிரிக்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு 'முடியாது' என்பது பதில் என்றால், இப்போதைக்குத் தத்தெடுக்காமல் இருப்பதே அந்த நாய்க்கும் நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட தெரு நாய்க்கு, அதற்கென ஒதுக்கிய இடத்தில் உணவு வைக்க 2023-ம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வழி செய்கின்றன.

இரண்டுக்கும் 'முடியும்' என்றால், பாட்டியையும் உட்காரவைத்துப் பேசுங்கள். காலை ஐந்து மணிக்கு யார் வெளியே கூட்டிப்போவது, மதியம் யார், இரவு யார் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் எல்லா நேரத்துக்கும் எதிரே ஒரு பெயர் விழுந்த பிறகு போய் நாயைக் கூட்டி வாருங்கள்.