விஜயபுரத்துப் பையனுக்கு ஆண்டுக்கு எத்தனை ஆட்டம்?

கோவாவின் மட்காவில் 2025 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றபோது, 2027 ஆசியக் கால்பந்துக் கோப்பைக்கான வாசல் இந்தியாவுக்கு அடைபட்டது. 14-வது நிமிடத்திலேயே இந்திய வீரர் சாங்டே கோல் அடித்து முந்திக் கொடுத்தும், சொந்த மண்ணில் கோட்டை விட்ட ஆட்டம் அது. அதற்கு முதல் நாள்தான் சுமார் ஐந்தே கால் லட்சம் பேர் வாழும் கேப் வெர்டே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. அடுத்த மாதம் 18-ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 22 ஆண்டுகளுக்குப் பிறகு தோற்றோம். அதே தேதியில் குராசோ என்ற சின்னஞ்சிறு கரீபியன் தீவு உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. திருப்பதி நகரத்தின் மக்கள்தொகைகூட அந்தத் தீவுக்குக் கிடையாது. அந்த மாதம் வெளியான ஃபிஃபா தரவரிசையில் இந்திய ஆண்கள் அணி நின்ற இடம் 142.

ரசிகனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? பயிற்சியாளரைத் திட்டுகிறான், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தைத் திட்டுகிறான், கடைசியில் டீவியை அணைத்துவிட்டு ஐரோப்பிய ஆட்டங்களுக்குப் போய்விடுகிறான். 2024 ஜூனில் விடைபெற்ற சுனில் சேத்ரியை மறு ஆண்டு மார்ச்சில், நாற்பது வயதில், திரும்பக் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது என்றால் பின்னால் வரிசையில் யாரும் இல்லை என்றுதானே பொருள்? கிளப் ஆட்டத்தின் கதி இன்னும் கேவலம். 2010-இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று சம்மேளனம் போட்ட வணிக உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்பது ஒப்பந்தம் போட்ட நாளிலேயே தெரிந்த விஷயம். தெரிந்தும் கடைசி நேரம்வரை பேசி முடிக்கவில்லை. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2026 பிப்ரவரி 14-இல்தான் தொடங்கியது. அதுவும் 14 அணிகள், ஒரே சுற்று, ஓர் அணிக்கு 13 ஆட்டம் என்று சுருங்கிப்போய். ஹைதராபாத் அணி பெட்டி படுக்கையோடு டெல்லிக்கே குடிபெயர்ந்துவிட்டது.

இவ்வளவு இருட்டிலும் 2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் 17 வயதுக்கு உட்பட்ட பையன்கள் ஈரானை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஈரான்! மூத்தவர்கள் டிரா செய்தாலே கொண்டாடும் எதிரணி. முதலில் கோல் வாங்கிவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்த வெற்றி அது. கோல் அடித்த தல்லால்முவோன் காங்டே, குன்லெய்பா வாங்கெய்ராக்பம் இருவரும் மணிப்பூர்ப் பையன்கள். 2023 மே மாதத்திலிருந்து மலை ஒரு பக்கம், பள்ளத்தாக்கு ஒரு பக்கம் என்று பிளந்து கிடக்கும் மாநிலம் அது. அதற்கு முன்பே பெண்கள் நமக்கு வழிகாட்டிவிட்டார்கள்: ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று மூத்தோர் அணி, ஆகஸ்டில் மியான்மரை அதன் மண்ணிலேயே வென்று 20 வயதுக்கு உட்பட்டோர் அணி, அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோர் அணி என்று மூன்றும் வரிசையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. ஒரே ஆண்டில், ஒரே சம்மேளனத்தின் கீழ், பெரியவர்கள் கவிழ்ந்தார்கள், சிறுவர்களும் பெண்களும் கரையேறினார்கள்.

ஆகவே இந்தியாவில் திறமை இல்லை என்ற பேச்சை இத்தோடு மூட்டை கட்டலாம். ரசிகர்களின் கோபம் நியாயமானது. அது போய் விழும் இடம்தான் தவறு என்பது நம் கருத்து. பயிற்சியாளர் யார் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. விஜயபுரத்தில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் ஓர் ஆண்டில் எத்தனை முறை நடுவர் விசில் ஊத, எதிரணி எதிரில் நிற்க, கணக்கு வைத்து ஆடுகிறான்?

விஜயபுரம் மண்டலம் ஆந்திரத்தின் தெற்கு எல்லையோரம். நகரிக்குப் பக்கம், திருத்தணிக்கும் பக்கம். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள். அறுவடை முடிந்த கழனியில் சவுக்குக் கம்பு நட்டு, மேல்கட்டைக்குப் பதில் கயிறு கட்டினால் அதுதான் கோல் போஸ்ட். கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்பதில்தான் பாதி நேரச் சண்டை. பந்து நெருஞ்சி முள்ளில் ஏறினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பம்ப் கிடைத்தாலும் அதன் ஊசி கிடைக்காது. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பர் பந்தையே பத்து வயதுப் பையனும் உதைக்கிறான். அவன் காலுக்கு நான்காம் நம்பர்தான் சரி என்று அவனிடம் சொல்ல ஆளில்லை. பத்தாவது முடித்ததும் நகரி விசைத்தறி, இல்லையென்றால் ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ். அதோடு பந்து பரண்மேல் போய்விடும்.

இந்தப் பையனுக்குக் கிடைக்கும் உண்மையான ஆட்டம் பள்ளி விளையாட்டுப் போட்டிதான். அது பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 16 பள்ளிகள் கலந்துகொண்டால் முதல் நாளே எட்டுப் பள்ளிகள் வெளியே. அந்த எட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த ஆண்டின் கால்பந்து ஒரே ஆட்டத்தோடு தீர்ந்துவிடுகிறது. இரண்டே நாளில் முடித்துப் பரிசளிப்பு விழா வைத்துவிடலாம் என்பதால் அதிகாரிகளுக்கு இது வசதி. பிள்ளைகளுக்கு என்ன லாபம்? அதிகம் ஆட வேண்டியவன் தோற்ற அணிப் பையன்தான். அவனையே முதலில் வீட்டுக்கு அனுப்புகிறோம். மாறாக, ஆறே பள்ளிகளைச் சேர்த்து ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இரண்டு முறை மோதும் லீக் நடத்தினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து ஆட்டம். மொத்தம் முப்பது ஆட்டம். ஞாயிறுக்கு மூன்று என்று வைத்தால் பத்தே வாரம்.

குராசோ விஷயத்துக்கு இங்கேதான் வரவேண்டும். தீவின் அளவைச் சொல்லி நம்மைக் குட்டிக்கொள்வதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. அந்த அணியில் பெரும்பாலோர் பிறந்து வளர்ந்தது நெதர்லாந்தில். சின்ன வயதிலிருந்தே வாராவாரம் ஊர் கிளப் லீக்கில் ஆடிப் பழகியவர்கள். வெளிநாட்டில் வளர்ந்தவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையை நாமும் தொடங்கிவிட்டோம். பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு 2025 நவம்பரில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கினார். நல்லது, வரவேற்போம். ஆனால் பிறர் ஊர் லீக் வளர்த்த பிள்ளைகளை எத்தனை நாளைக்கு வாங்கிக்கொண்டிருப்பது?

நம் பக்கத்திலேயே ஊர் ஆட்டங்களின் அருமையை அறிந்தவர் ஒருவர் இருந்தார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1951, 1962 ஆசியப் போட்டிகளில் தங்கத்துக்கும் கொண்டுபோன சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத் பள்ளி ஆசிரியர். குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆடக்கூடாது என்று ஒரு போட்டி, பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வெட்டி வெட்டிப் போகக்கூடாது என்று ஒரு போட்டி, பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி என அந்த நகரத்தில் விதவிதமாக நடத்தியவர். அந்த மண்ணில் வந்தவர்தான் செகந்திராபாத் அம்முகுடாவின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராமன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர். 1965-இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் கோப்பையையே வென்றது. 2014-இல் மாநிலம் பிரிந்தபோது ஹைதராபாத்தோடு அந்த மரபும் தெலங்கானாவுக்குப் போய்விட்டது. ஆந்திரத்துக்கு மிஞ்சியதை எண்ணிப் பார்த்தால், ராயலசீமையில் அனந்தப்பூரில் விசென்ட் ஃபெரர் தொடங்கிய ஆர்.டி.டி. அமைப்பு ஸ்பெயினின் லா லிகாவோடு சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கூடம் ஒன்றைத்தான் தைரியமாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது. அதுவும் அரசின் முயற்சி அல்ல.

அரசு என்ன செய்தது? 2023 டிசம்பர் 26-இல் தொடங்கி மறு ஆண்டு பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் முடிந்த ‘ஆடுதாம் ஆந்திரா’ திருவிழாவை மறந்திருக்க மாட்டோம். கிராமச் செயலகம்வரை இறங்கிவந்த போட்டி. கிரிக்கெட், கபடி, கோகோ, கைப்பந்து, இறகுப்பந்து என்று ஐந்து ஆட்டங்கள். கால்பந்து இல்லை. அப்போது விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர் ரோஜா வென்ற நகரி தொகுதியில்தான் விஜயபுரம் மண்டலமும் அடக்கம். தொகுதிக்காரர் அமைச்சராக இருந்தபோதே கிடைக்காதது, பிறகு தானாக வந்துவிடுமா? இப்போதைய அரசு 2024-இல் கொண்டுவந்த விளையாட்டுக் கொள்கை, அரசு வேலையில் வீரர்களுக்கான ஒதுக்கீட்டை 3 விழுக்காடாக உயர்த்தியது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் அந்த வேலைக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டி வேண்டும். போட்டியே இல்லாத பையனுக்கு 3 என்ன, 30 என்ன?

இன்னொரு தடை கோடு கிழித்து வைத்த தடை. 1953-இல் ஆந்திரம் பிரிந்து, 1960-இல் பட்டாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தையும், ஆடிக் கிருத்திகைக் காவடியும் அந்தக் கோட்டை மதித்ததே இல்லை. பள்ளி விளையாட்டு மட்டும் மதிக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருத்தணிப் பள்ளியோடு மோதாமல், நம் பிள்ளை மாவட்டத்தின் மறுகோடிக்கு பஸ் ஏறி ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுத் திரும்புகிறான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது ரயில் ஏறினாலே தெரியும். ஏகாம்பரகுப்பத்தில் ஏறி, திருத்தணி, அரக்கோணம் தாண்டி மின்சார ரயிலில் உட்கார்ந்தால் அது வியாசர்பாடி ஜீவாவில் நிற்கும். வியாசர்பாடி பணக்காரப் பேட்டை இல்லை. அங்கே உமாபதி, தங்கராஜ் இருவரும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் படிப்போடு சேர்த்துக் கால்பந்துக்கு இழுத்தார்கள். நந்தகுமார் சேகர் அந்தப் பேட்டைப் பிள்ளை. 2023 ஆகஸ்ட் 12 அன்று துராந்த் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் அவர் அடித்த ஒரே கோல்தான், மோகன் பகானை நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வெல்ல முடியாமல் இருந்த அணியைத் தலைநிமிர வைத்தது. கொல்கத்தாவே அன்று வியாசர்பாடிப் பையனின் பேரைச் சொன்னது. கடலூரிலோ சுனாமிக்குப் பிறகு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைத் திரட்டினார். அந்த ஊர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்.

நம் பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத் தரவரிசையில் இந்தியப் பெண்கள் முதல் எண்பது இடங்களுக்குள் இருக்கிறார்கள். ஆண்களைவிட அறுபது இடத்துக்கு மேல் முன்னால். ஆனால் நம் கிராமத்தில் வயதுக்கு வந்ததும் பெண் மைதானத்தைவிட்டு வெளியேறுகிறாள். வீட்டார் மனசு கல் என்று பழி போடுவது சுலபம். உடை மாற்ற ஓர் அறை, பூட்டக்கூடிய கழிப்பறை, கூட வர ஒரு டீச்சர் இருந்தால் அனுப்பத் தயாரான பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது கல்வித் துறை செய்ய வேண்டிய வேலை.

கிரிக்கெட்டைத் திட்டிக் கால்பந்து வளராது என்பதையும் சொல்லிவிடுவோம். கிரிக்கெட் ஆடும் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கேனும் ஒரு டோர்னமென்ட் இருக்கிறது. அதனால்தான் அவன் அங்கே போகிறான்.

எனவே நாம் கேட்பது ஸ்டேடியம் அல்ல. சித்தூர், திருப்பதி, திருவள்ளூர் ஆகிய மூன்று மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து விஜயபுரம், நகரி, நிண்ட்ரா, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் எல்லை லீக் நடத்த வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டோர், பெண்களுக்குத் தனிப் பிரிவு, ஓர் அணிக்கு ஏழு பேர். மாநில அணித் தேர்வு விதிகளில் கைவைக்க வேண்டியதே இல்லை. இது தேர்வுக்கான போட்டி அல்ல, ஆடுவதற்கான போட்டி. ஏழு பேர் ஆட்டத்துக்குப் பாதி மைதானம் போதும். பள்ளிகளுக்குப் பந்து தரும் ஃபிஃபா திட்டமும், சிறு பிள்ளைகளுக்கான ‘புளூ கப்ஸ்’ திட்டமும் சம்மேளனத்தின் கையில் இருக்கின்றன. மாநிலச் சங்கங்கள் அவற்றை மண்டலம்வரை இறக்கிவிட வேண்டும். நடுவர்களை மாவட்டச் சங்கங்கள் தரட்டும். பி.டி. ஆசிரியருக்கு ஞாயிற்றுக்கிழமைப் படியைக் கல்வித் துறை தரட்டும். இனாமாக வரச் சொன்னால் மூன்றாவது வாரமே வரமாட்டார், அதில் அவர் மேல் குற்றமும் இல்லை.

ஜூனில் இரண்டு மாநிலங்களிலும் பள்ளி திறக்கிறது. ஜூலையில் ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை மைதானத்தைச் சேறாக்குவதற்குள் பத்து வாரமும் முடிந்துவிடும். அட்டவணையில் அடித்துத் திருத்த நிறைய இருக்கும். ஆடிக் கிருத்திகை வரும் வாரம் திருத்தணியில் ஆட்டம் வைக்கவே முடியாது, அந்த வாரத்து ஆட்டங்களை விஜயபுரத்துக்கு மாற்றிவிடலாம்.