மறுபடியும் எப்போது வருவீர்கள்?
(கருத்துக் கட்டுரை)

நுழையும் முன்

பிறருக்கு உதவுதல் நற்பண்பு என்பதை நாம் சிறு வயது முதலே கற்று வருகிறோம். அந்த உதவி பெறுபவருக்கு உண்மையில் பயன்படுகிறதா என்று எண்ணிப் பார்ப்பதும் அப்பண்பின் ஒரு பகுதியே. இக்கட்டுரை அதனைப் பற்றிப் பேசுகிறது.



சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாட்டிலிருந்து திருச்சபை இளைஞர் குழு ஒன்று சந்திரகிரிக்கு அருகிலுள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றிற்குச் சேவை செய்ய வந்தது. வந்தவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. குழந்தைகளுக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவன் என்பதால் என்னை உடன் அழைத்தனர். இளைஞர்கள் நல்லவர்கள். பாடினார்கள், விளையாடினார்கள், இனிப்பும் எழுதுபொருள்களும் வழங்கினார்கள், குழந்தைகளை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் பேருந்து புறப்படும் வேளையில், ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓர் அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு, "மள்ளீ எப்புடு வஸ்தாரு?" என்று கேட்டாள். "மறுபடியும் எப்போது வருவீர்கள்?" என்று நான் மொழிபெயர்த்தேன். அந்த அக்கா, "விரைவில்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அக்குழு மீண்டும் வரவில்லை. பொய்யான ஒரு வாக்குறுதியை இரு மொழிகளில் கொண்டுசேர்த்தவன் நான் என்னும் உறுத்தல் இன்றும் என்னிடம் உள்ளது.

அந்த உறுத்தலிலிருந்தே என் கருத்தைச் சொல்கிறேன். குழந்தைகள் இல்லத்திற்கு ஒரு நாள் சென்று அன்பு காட்டித் திரும்புவது, பெரும்பாலும் செல்பவருக்கே நிறைவு தருகிறது. சேவை என்று அதனை அழைக்க வேண்டுமாயின் அது குழந்தையின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு முதற்காரணம் குழந்தையின் மனம். உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்னும் மருத்துவர் 1951ஆம் ஆண்டு ஓர் அறிக்கை எழுதினார். தாயோடு அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரோடு, அன்பும் தொடர்ச்சியும் உள்ள உறவு இளங்குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என்று அதில் வலியுறுத்தினார். இங்குத் 'தொடர்ச்சி' என்னும் சொல்லைக் கவனியுங்கள். மாதந்தோறும் புதிய முகங்கள் வந்து நெருங்கிப் பழகி மறைந்தால், குழந்தை பிரிவையே மீண்டும் மீண்டும் பயில்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் 2019 டிசம்பர் 18 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தில், இல்லங்களில் நடைபெறும் தன்னார்வப் பயணங்களால் குழந்தைகளுக்கு நேரக்கூடிய தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இரண்டாவது காரணம் குழந்தையின் மதிப்பு. இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம், 2015, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கு உரிய காப்புகளை வகுத்துள்ளது. விசாரணை, நீதி நடவடிக்கை ஆகியவை தொடர்பான செய்திகளில் அத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதை அதன் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் இவ்வளவு கவனத்தோடு காக்கும் ஒரு முகத்தை, நம் கைப்பேசி ஒரு நொடியில் ஊரெங்கும் காட்டிவிடுகிறது. உங்கள் வீட்டுத் துயர நாளில் அயலார் ஒருவர் வந்து உங்களோடு படம் எடுத்துப் பரப்பினால் ஏற்பீர்களா? நமக்கு ஒவ்வாதது அவர்களுக்கும் ஒவ்வாதது.

மூன்றாவது காரணம் வறுமை. இல்லங்களில் வாழும் குழந்தைகள் அனைவரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். பள்ளிக் கட்டணமோ மூன்று வேளை உணவோ தர இயலாமல் பெற்றோர் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் அங்கு உள்ளனர். குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பதை மேற்சொன்ன சட்டம் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. எனவே, நாம் பேருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, ஒரு குழந்தை தன் தாயோடு தன் வீட்டிலேயே வாழ உதவுமாயின், அதுவே மேலான சேவை.

"அப்படியானால் ஒருவரும் இல்லங்களுக்குச் செல்லவே கூடாதா? அன்று அக்குழந்தைகள் சிரித்தது உண்மைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினா. அச்சிரிப்பு உண்மையே, நான் கண்டேன். செல்ல வேண்டா என்று நான் சொல்லவில்லை. தங்கிச் செய்வோரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் சமயப்பணிக்காக இந்தியா வந்தார். கோயில் பணிக்கென விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901இல் அவரிடம் தஞ்சம் புகுந்தாள். அதன் பின், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் குழந்தைகளுக்கான இல்லம் வளர்ந்தது. அம்மையார் தமிழ் கற்றார். நம் நாட்டு உடை உடுத்தார். 1951இல் மறையும் வரை தாய்நாடு திரும்பவில்லை. அவருடைய சமயப்பணியைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும் அவர் தங்கினார் என்பதில் இரு கருத்து இல்லை. அவர் விரும்பியபடி கல்லறைக் கல் வைக்கப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே அங்கு உள்ளது. அதில் பொறிக்கப்பட்டிருப்பது 'அம்மா' என்னும் ஒரு சொல்.

மருத்துவர் முத்துலட்சுமி அவர்களும் தம்மிடம் அடைக்கலம் தேடி வந்த பெண்பிள்ளைகளுக்காகச் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். நமக்கு அருகிலேயே, திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகப் பாலமந்திரம் நடத்துகிறது. திருச்சபையோ, கோயிலோ, தனியொருவரோ, எவர் செய்தாலும் அளவுகோல் ஒன்றே: நாளையும் இருப்பார்களா? உணவுக்கும் உடைக்கும் ஈடாக வழிபாட்டையோ நன்றியையோ எதிர்பார்க்காமல் இருப்பார்களா?

நீங்கள் மாணவர்கள், ஆயுள் முழுவதையும் கொடுக்குமாறு எவரும் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். செல்லும் முன், பதிவு பெற்ற இல்லம்தானா என்று பெரியவர்கள் வழியாக அறியுங்கள். என்ன தேவை என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். கைப்பேசியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஒரு முறை பத்துப் பேர் செல்வதைவிட, ஓராண்டு முழுவதும் இருவர் சென்று அதே பிள்ளைகளுக்குக் கணக்கோ வாசிப்போ கற்றுக்கொடுங்கள். சுவருக்கு வண்ணம் பூசுதல், தோட்டம் அமைத்தல், நூல்களுக்கு அட்டையிடுதல் போன்ற பணிகளால் அங்குள்ள பணியாளர்களின் சுமையைக் குறையுங்கள். குழந்தைகளோடு இருக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். துன்பத்தில் உள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்னும் உதவி எண்ணைப் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். திரும்பி வர இயலாதெனில், "வருவேன்" என்று சொல்லாதீர்கள்.

இறுதியாக ஒன்று. பெற்றோரின் பணி காரணமாக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நீங்கள். புதிய பள்ளியின் முதல் நாளில், எவர் பேசுவதும் புரியாமல் அமர்ந்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழகிய தோழரைப் பிரிந்து அடுத்த ஊருக்குச் சென்ற வலியும் உங்களுக்குத் தெரியும். ஆகவே, கையைப் பற்றிக்கொண்டு "மள்ளீ எப்புடு வஸ்தாரு?" என்று கேட்கும் குழந்தையின் மனம் மற்றவர்களைவிட உங்களுக்கு எளிதில் விளங்கும். சுவர்ணமுகி ஆற்றங்கரை ஊர்களில் வாழும் அப்பிள்ளைகளின் தெலுங்கை நீங்கள் கற்று வருகிறீர்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவ்வினாவைக் கேட்கவும் விடை கூறவும் உங்களால் இயலும். அந்த விடை உண்மையாக இருக்கட்டும். "அடுத்த ஞாயிறு" என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு செல்லுங்கள்.

சொல்லும் பொருளும்

தஞ்சம் – அடைக்கலம்
தண்டம் – அபராதம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
ஒவ்வாதது – பொருந்தாதது

சிந்தித்து எழுதுக

1. 'தொடர்ச்சி' என்னும் சொல்லைக் கவனிக்குமாறு ஆசிரியர் கூறுவது ஏன்?
2. இல்லத்தில் படம் எடுப்பது பற்றிய ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தருக.
3. நீங்கள் ஊர் மாறி வந்த முதல் நாளில் உங்களுக்குக் கிடைத்த, அல்லது கிடைக்காத, ஓர் உதவியைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.