ஒரிஜினலும் ஜெராக்ஸும் ஒண்ணா?



பிராக்டிகல் நெருங்கிடுச்சா? அப்போ இந்த வாரம் நான் 'பல்பு' வாங்கின கதையைச் சொல்லியே ஆகணும்.

அன்னிக்கு ஜாவா லேப் எக்ஸாம். எனக்கு வந்த கேள்வி ரொம்ப சிம்பிள். 10 மாணவர்களின் விவரங்களை லிஸ்ட்டில் வைக்கணும். பதிவு எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லணும். 'ப்பூ... இவ்ளோதானா!'ன்னு ஸ்டூடன்ட் என்று ஒரு கிளாஸ் எழுதினேன். பெயர், பதிவு எண், மார்க்... எல்லாரையும் அரேலிஸ்ட்டில் போட்டாச்சு.

தேடத்தான் ஜாவாவே 'கன்டெய்ன்ஸ்' கொடுத்திருக்கே! 'சிஎஸ்42' என்ற எண்ணோடு புதுசா ஒரு ஸ்டூடன்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கி, 'இவன் லிஸ்ட்டில் இருக்கானா?'ன்னு கேட்டேன். 'இல்லை'ன்னுச்சு. பிரின்ட் பண்ணிப் பார்த்தா, ஆள் ஜம்முன்னு உள்ளே உட்கார்ந்திருக்கான்!

காரணம் இதுதான். கன்டெய்ன்ஸ், உள்ளுக்குள்ளே 'ஈக்வல்ஸ்' என்ற மெத்தடைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். நம்ம கிளாஸில் அதை நாம எழுதலைன்னா, மெமரியில் ரெண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று மட்டும்தான் அது பார்க்கும். மார்க் ஷீட் ஒரிஜினலும் ஜெராக்ஸும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். ஆனா பேப்பர் ரெண்டு இல்லையா? அதே கதை.

சரி, ஃபார் லூப் போட்டு ஒவ்வொருத்தர் பதிவு எண்ணையும் == போட்டு ஒப்பிட்டேன். 'சிஎஸ்42'வை புரோகிராமுக்குள்ளேயே எழுதி ரன் பண்ணினா, பெயர் வந்துடுச்சு. அப்பாடா! கீபோர்டில் டைப் செய்து வாங்குற மாதிரி மாத்திட்டு, கெத்தா எக்ஸ்டர்னலைக் கூப்பிட்டேன். அவர் அதே எண்ணை டைப் செய்தார். 'இல்லை'!

மறுபடியும் ஜெராக்ஸ்தான். புரோகிராமுக்குள் நேரடியாக எழுதும் ஒரே மாதிரி ஸ்ட்ரிங்குகளுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் வைத்துக்கொள்ளும். கீபோர்டில் வருவதோ புது ஆப்ஜெக்ட். அதனால் == கையை விரிச்சிடுச்சு.

எக்ஸ்டர்னல் திட்டலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதை வெச்சுப்பா ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றே?" முழிச்சேன். == இருந்த இடத்தில் ஈக்வல்ஸ் போடச் சொன்னார். வேலை செய்தது. அரியர் விழலை. ஆனா அந்தக் கேள்வி இன்னும் மறக்கலை.

நீங்க மாட்டிக்காம இருக்க சில டிப்ஸ்:

சின்ன லிஸ்ட், எப்போவாவது ஒரு தேடல் என்றால் ஃபார் லூப்பே போதும். ஸ்ட்ரிங்கை ஈக்வல்ஸால் ஒப்பிடுங்க. கிடைத்ததும் பிரேக் போடுங்க. கிடைக்காவிட்டால் என்ன சொல்வது என்பதையும் எழுதிடுங்க. 2014-ல் வந்த ஜாவா 8-லிருந்து ஸ்ட்ரீம், ஃபில்டர், ஃபைண்ட்ஃபர்ஸ்ட் என்று இதையே ஒரே வரியில் எழுதலாம்.

அடிக்கடி தேடணுமா? பதிவு எண்ணைச் சாவியாக வைத்து ஹேஷ்மேப்பில் போடுங்க. 1,00,000 பேர் இருந்தால், கடைசி ஆளைப் பிடிக்க லூப் 1,00,000 முறை ஒப்பிடணும். ஹேஷ்மேப் பெரும்பாலும் ஓரிரு ஒப்பீட்டில் ஆளைக் காட்டிடும். ஆனா பெயரைச் சாவியாக்கிடாதீங்க! கிளாஸில் ரெண்டு கார்த்திக் இருந்தால், ரெண்டாவது கார்த்திக் முதல் கார்த்திக்கைத் துரத்திடுவான். பெயரை வைத்துத் தேடினால், முதல் ஆளோடு நிற்காமல் பொருந்துகிற எல்லாரையும் தனி லிஸ்ட்டில் சேருங்க.

'பதிவு எண் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணு'ன்னு முடிவு பண்ணிட்டீங்களா? கிளாஸிலேயே ஈக்வல்ஸ் எழுதிடுங்க. கன்டெய்ன்ஸ் சமத்தா வேலை செய்யும். கூடவே ஹேஷ்கோடும் எழுதணும். இல்லேன்னா ஹேஷ்செட் காலை வாரிடும்.

ஆக, 'ஒண்ணு'ன்னா என்னன்னு கம்ப்யூட்டருக்குத் தானா தெரியாது பாஸ். நாமதான் சொல்லணும்.

இந்த வார ஹோம்வொர்க்: ரெண்டு 'இன்டிஜர்' ஆப்ஜெக்ட்டுகளில் 127-ஐ நேரடியாகப் போட்டு == கொண்டு ஒப்பிடுங்க. அப்புறம் 128-ஐப் போட்டுப் பாருங்க. ஏன் அப்படின்னு யோசிச்சு வைங்க. பதில் அடுத்த வாரம்!