ஆயிரம் ரூபாய் அபராதம் யாரைத் தடுக்கும்?

ஐபிஎல் ஆட்டத்தின் நடுவே 10 நொடி விளம்பரத்துக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம். புகையிலைப் பொருளைச் சட்டத்தை மீறி விளம்பரப்படுத்திய குற்றம் முதன்முறையாக நிரூபணமானால், விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதமோ வெறும் 1,000 ரூபாய்! மீண்டும் சிக்கினால் 5,000 ரூபாய். 2003-ல் இயற்றப்பட்ட சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்லும் கணக்கு இது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டுதான். ஆனால், ‘சிறை அல்லது அபராதம்’ என்று சட்டமே வழிவிட்டிருக்கும்போது, ஆயிரம் ரூபாயோடு விவகாரம் முடிந்துவிடும் வாய்ப்பே அதிகம்.

சட்டத்தின் 5-வது பிரிவு தெளிவானது. நேரடி விளம்பரம், மறைமுக விளம்பரம், பரிசு, உதவித்தொகை, விளம்பரதாரராகப் பணம் தருவது எல்லாமே குற்றம். இந்தச் சட்டம் வருகிறது என்ற பேச்சுக்கே ஒரு காலத்தில் பலன் இருந்தது. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையே சிகரெட் பெயரோடு ‘வில்ஸ் உலகக் கோப்பை’யாகத்தான் நடந்தது. அரசு மசோதாவை அறிவித்ததும், 2001-ல் வில்ஸ் சிகரெட்டைத் தயாரிக்கும் ஐடிசி நிறுவனம் கிரிக்கெட் விளம்பரத்திலிருந்து விலகிக்கொண்டது.

அந்த அச்சம் இன்று இல்லை. புகையிலைப் பொருளுக்குத் தெரிந்த பெயரையே ஏலக்காய்க்கும் பான் மசாலாவுக்கும் சூட்டி, நடிகர்களை வைத்து விளம்பரம் செய்கிறார்கள். எழுத்தும் நிறமும்கூட மாறுவதில்லை. எதை வாங்கச் சொல்கிறார்கள் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 2022-ல் ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு நடிகர் அக்‌ஷய் குமார் மன்னிப்புக் கேட்டு இத்தகைய விளம்பரமொன்றிலிருந்து விலகினார். அப்போதும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை விளம்பரம் ஓடக்கூடும் என்பதை அவரே சொல்ல வேண்டியிருந்தது. ரசிகர்களால் முடிந்தது சட்டத்தால் முடியவில்லை என்பது அரசுக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

கடுமையான தண்டனை சாத்தியமில்லை என்று மத்திய அரசு சொல்ல முடியாது. 2019-ல் மின் சிகரெட்டைத் தடை செய்த சட்டத்தில், அதை விளம்பரப்படுத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 13.5 லட்சம் இந்தியர்களின் உயிரைப் பறிக்கும் புகையிலைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? சட்டத்தைத் திருத்த 2020 இறுதியில் சுகாதார அமைச்சகம் வரைவு மசோதா தயாரித்தது. அது சட்டமாகவில்லை.

திரையில் மட்டுமல்ல, தெருவிலும் இதே கதைதான். பள்ளிக்கூடத் தெருமுனைப் பெட்டிக்கடைகளைப் பாருங்கள். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, குழந்தையின் கண்மட்டத்தில், சிகரெட் பெட்டிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. உள்ளே பளிச்சென்று விளக்கு. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பனையே கூடாது என்கிறது சட்டம். சோதனை என்று வந்தால், அபராத ரசீது கடைக்காரர் கைக்குத்தான் வருகிறது. அன்றாடங்காய்ச்சியான அவருக்கு 200 ரூபாய் அபராதம்கூடச் சுமை. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு ஆயிரமோ ஐயாயிரமோ யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எனவே, அபராதத்தை விளம்பரச் செலவோடு பிணைக்க வேண்டும். செலவிட்ட தொகையைப் போலப் பல மடங்கு என்று சட்டம் சொன்னால்தான் நிறுவனங்கள் யோசிக்கும். ஒளிபரப்பும் நிறுவனமும் நடிக்கும் நட்சத்திரமும் அதில் பங்கு ஏற்க வேண்டும். நிறுவனம் குற்றம் செய்தால் பொறுப்பிலிருந்த அதிகாரிகளையும் தண்டிக்கலாம் என்கிறது இப்போதைய சட்டத்தின் 26-வது பிரிவு. அதைப் பயன்படுத்த எந்தத் திருத்தமும் தேவையில்லை. மாநில அரசுகள் நாளையே தொடங்கலாம். அபராதத் தொகையை உயர்த்தும் திருத்தத்தை மத்திய அரசு அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.