பழைய புத்தகம் வளர்த்த பெரியவர்

ஒரு பையன். குடும்பத்தில் வசதி இல்லை. கல்லூரியில் மேல்படிப்புப் படிக்க வேண்டும். புத்தகம் வாங்கப் பணம் வேண்டுமே, என்ன செய்வது?

உறவுக்காரர் ஒருவர் அதே கல்லூரியில் படித்து முடித்திருந்தார். தாம் படித்த புத்தகங்களைப் பையனிடம் கொடுத்தார். மனநூல், தருக்கம், ஒழுக்கம் ஆகியவை பற்றிய பழைய புத்தகங்கள் அவை. எல்லாம் தத்துவப் பாடத்துக்கு உரியவை.

புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. ஆகவே பையன் தத்துவத்தையே பாடமாக எடுத்துக்கொண்டான்.

அந்தப் பையன் பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதி ஆனார்!

அவர்தான் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினம் என்று கொண்டாடுகிறோமே, அது இவர் பிறந்த நாள்தான்.

முருகன் மலையடியில்

ராதாகிருஷ்ணன் 1888-ம் ஆண்டு திருத்தணியில் பிறந்தார். மலைமேல் முருகன் கோவில். மலையடியில் சிறிய ஊர். அப்போது திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. பெரும் போராட்டத்துக்குப் பின், 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

தகப்பனார் வீராசாமி, ஜமீனில் வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகம் பார்த்தார். தாயார் சீதம்மா. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. அவர் பெயருக்கு முன்னால் உள்ள ‘சர்வேபள்ளி’ என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர். குடும்பத்தின் முன்னோர் அந்த ஊர்க்காரர்கள்.

இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வருகிற குடும்பம் புதிதல்ல. வந்த இடத்தில் பிள்ளைக்குப் படிப்புக் கிடைத்தால் அந்தக் குடும்பம் உயர்கிறது. கிடைக்காவிட்டால் தகப்பன் செய்த கூலி வேலையையே மகனும் செய்கிறான்.

ராதாகிருஷ்ணனுக்குப் படிப்புக் கிடைத்தது. எப்படி? உபகாரச் சம்பளத்தால்! திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று ஊர் ஊராகப் படித்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை; சென்னை பாரிமுனைப் பக்கம் இருந்தது. படித்த காலம் முழுவதும் உபகாரச் சம்பளம் கைகொடுத்தது.

மாணவர்கள் இழுத்த வண்டி

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1918-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1921-ல் கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தது.

அவர் மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில் நடந்ததை இன்றும் சொல்கிறார்கள். மாணவர்கள் ஒரு வண்டியைப் பூவால் அலங்கரித்தார்கள். குதிரையை அவிழ்த்து விட்டார்கள். ஆசிரியரை ஏற்றி உட்கார வைத்து, தாங்களே ரெயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள்!

பதவியில் இருப்பவருக்கு ஆட்கள் மாலை போடுவார்கள். பதவி போனதும் மாலையும் போய்விடும். ஆனால், ஊரை விட்டுப் போகிற ஆசிரியரால் மாணவனுக்கு இனி என்ன ஆதாயம்? ஒன்றும் இல்லை. அப்படியும் வண்டி இழுத்தார்கள் என்றால் அதுதான் உண்மையான மரியாதை.

அதன் பிறகு அவர் ஏறிய படிகள் பல. ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கீழ்நாட்டுச் சமயங்களைப் பற்றிப் பாடம் சொன்னார். 1949 முதல் 1952 வரை ரஷியாவில் இந்தியத் தூதர். 1952 முதல் பத்து ஆண்டுகள் துணை ஜனாதிபதி. 1954-ல் பாரத ரத்னா. 1962 முதல் 1967 வரை ஜனாதிபதி.

அந்த ஐந்து ஆண்டுகளும் நாட்டுக்குச் சோதனையான காலம். 1962-ல் சீனாவோடு போர். 1964-ல் நேரு மறைந்தார். 1965-ல் பாகிஸ்தானோடு போர். 1966-ல் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தார். இரண்டு பிரதமர்களை இழந்த நாட்டுக்குத் தலைவராக நின்றவர் இந்தத் திருத்தணிக்காரர்.

வீட்டைத் தாங்கியவர்

பெரிய மனிதர்களின் கதையில் ஒருவரை நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம். அவர்தான் வீட்டில் இருக்கும் அம்மாள்.

ராதாகிருஷ்ணனின் மனைவி சிவகாமு அம்மாள். அந்தக் காலத்து வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. ஐந்து பெண்கள், ஒரு பையன். கணவர் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தபோது வீடு குலையாமல் பார்த்துக்கொண்டவர் இவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடன் வாழ்ந்தார். 1956-ம் ஆண்டு நவம்பரில் காலமானார். கணவர் ஜனாதிபதி ஆனதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரே மகன் கோபால் பெரிய சரித்திர ஆசிரியர். 1989-ல் தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தகப்பனார் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளவில்லை. கணவர் என்ற முறையில் அவரிடம் இருந்த குறைகளையும் மறைக்காமல் எழுதினார்.

இதனால் ராதாகிருஷ்ணனின் பெருமை குறைந்துவிடவில்லை. தகப்பனாரிடம் அன்பு வைத்திருந்த மகன், உண்மையையும் சொன்னான். நமக்கு ஒரு பாடமும் கிடைத்தது. ஒருவர் உயர்ந்தால் அதில் பாதி, வீட்டில் பொறுத்துக்கொண்டு இருந்தவருக்குச் சேர வேண்டியது.

1967-ல் பதவிக் காலம் முடிந்ததும் அவர் சென்னைக்குத் திரும்பினார். மயிலாப்பூரில் ‘கிரிஜா’ என்ற வீட்டில் வாழ்ந்தார். 1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 86-ம் வயதில் மறைந்தார். வீடு இருந்த எட்வர்டு எலியட்ஸ் சாலைக்கு இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.

இன்றைய பையன் எங்கே?

அவர் பிறந்த மாவட்டத்தை இன்று பார்ப்போம்.

சென்னையிலிருந்து மேற்கே போகும் ரெயில் பாதையில் இருக்கிறது திருவள்ளூர். அதே பாதையில் போய், அரக்கோணத்தில் வடக்கே திரும்பினால் திருத்தணி. சென்னையிலிருந்து நேர் வடக்கே போகும் பாதையில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு ஆலைகள், இன்னும் எத்தனையோ தொழிற்சாலைகள். பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து உழைக்கிறார்கள்.

மாவட்டத்தின் கிராமப் பக்கம் போனால் செங்கல் சூளைகள். மழை விட்டதும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். தகப்பன் மண் குழைப்பான். தாய் கல் அறுப்பாள். அடுத்த மழைக்கு முன்னால் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

பிள்ளைகள்? அவர்களும் கூடவே வருகிறார்கள். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் ஊரை விட்டு வருகிறார்கள். இங்கே பேசுவது தமிழ். அவர்கள் மொழி ஒடியா. அக்காள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் காயப் போட்ட கல்லைத் திருப்பிப் போடுகிறான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைகளுக்காகத் தனிப் பயிற்சி மையங்கள் நடத்தியிருக்கிறார்கள். ஒடியா தெரிந்தவர்களை வைத்துப் பாடம் சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், மையத்துக்கு வராத பிள்ளை ஒன்று இருந்தாலும் அது நமக்குக் குறைதான்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் படிப்பு உண்டு. வருஷத்தின் நடுவில் வந்தாலும் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்குச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது.

இது பல தாய் தந்தையருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

சூளை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இடத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அந்தக் கணக்கைக் கொடுங்கள். பிள்ளைகளை ஏற்றிப் போக ஒரு வண்டி விடுங்கள். கல் ஏற்ற லாரி விடுகிற உங்களுக்கு இது பெரிய செலவல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மொழி தெரியாமல் முழிக்கிற பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். வீட்டில் தெலுங்கு பேசிய பையன்தான், ஆங்கிலத்தில் பேசி ஆக்ஸ்போர்டை மயக்கினார். பிள்ளைக்கு மொழி வந்துவிடும். அது வரும்வரை ஆசிரியர் பொறுமையாக இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாடப் புத்தகம் இருக்கும். எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும். அதே புத்தகத்தைத் தெருக்கோடியில் இருக்கும் ஏழைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

ராதாகிருஷ்ணனுக்குப் புத்தகம் கொடுத்த அந்த உறவுக்காரர் பெரிய தர்மம் செய்வதாக நினைத்திருக்க மாட்டார். தமக்கு வேண்டாததைத் தம்பிக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். நாட்டுக்கு ஒரு ஜனாதிபதி கிடைத்தார்!

செப்டம்பர் 5-ந் தேதி அவர் படத்துக்கு மாலை போடுவோம். அன்றைக்கே சூளையில் நிற்கிற ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விடுவோம்.

அந்தப் பெரியவருக்கு இதைவிட நல்ல மாலை வேறு இல்லை.